பக்கவாதத்தில் செயலிழந்த கையை ரோபோ மீட்டுத் தருமா? மத்திகிரியில் இருப்பவருக்கு இந்தச் சிகிச்சை எட்டுமா?

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் இருந்து வீடு திரும்பும் ஒருவரின் குடும்பம் முதலில் கவலைப்படுவது காலைப் பற்றித்தான். எழுந்து நிற்க வேண்டும், பாத்ரூம் வரைக்குமாவது நடக்க வேண்டும். சில வாரங்களில் பலர் கோலை ஊன்றியாவது நடந்துவிடுகிறார்கள். அதன் பிறகு வரும் கேள்வி, "கை எப்ப வரும் டாக்டர்?"

மத்திகிரி, ஓசூர், சூளகிரி பக்கம் இந்தக் கேள்விக்குக் கூடுதல் கனம் உண்டு. இங்கே சம்பளம் என்பதே கைவேலைதான். லேத், அசெம்பிளி லைன், வெல்டிங், பேக்கிங், டிரைவிங் என எந்த வேலையாக இருந்தாலும் இரண்டு கையும் வேண்டும். நடக்க முடிகிற ஒருவரால்கூட, பிடிக்க முடியாத கையோடு ஷிப்ட்டுக்குத் திரும்ப முடியாது.

இந்த நேரத்தில்தான் யாராவது ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்புவார். செயலிழந்த கையில் எந்திரச் சட்டம் ஒன்றை மாட்டுகிறார்கள். எதிரே திரையில் ஒரு கேம் ஓடுகிறது. கை மேலே போகிறது, கீழே வருகிறது. "பெங்களூருல ரோபோ வெச்சு கையைக் கொண்டு வர்றாங்களாம்" என்ற செய்தி வீட்டுக்குள் வந்துவிடும். நகையை அடகு வைக்கலாமா என்ற பேச்சும் கூடவே வரும்.

அந்த எந்திரம் உண்மையில் என்ன செய்கிறது, எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைப் பார்ப்போம்.

பக்கவாதம் கையை என்ன செய்கிறது?

பக்கவாதம் கையில் வரும் நோய் அல்ல, மூளையில் வருவது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொள்ளும், அல்லது வெடித்து ரத்தம் கசியும். அந்தப் பகுதியின் செல்கள் ரத்தம் கிடைக்காமல் இறந்துபோகும். மூளையின் இடதுபக்கம் வலது கையையும், வலதுபக்கம் இடது கையையும் இயக்குகின்றன. அதனால் பாதிப்பு எதிர்ப்பக்கத்தில் தெரியும்.

கையின் தசையும் எலும்பும் அப்படியேதான் இருக்கின்றன. மோட்டார் நன்றாக இருக்கிறது, சுவிட்சில் இருந்து வரும் வயர்தான் அறுந்துபோயிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆரம்பத்தில் கை துணி மாதிரித் தொங்கும். போகப்போக பலருக்கு அது இறுகத் தொடங்கும். முழங்கை மடங்கும், மணிக்கட்டு உள்பக்கம் வளையும், விரல்கள் முஷ்டியாக மூடிக்கொள்ளும். கையை நீட்டப் பார்த்தால் தோள்தான் மேலே தூக்கும், விரல் திறக்காது.

கால் முன்னால் வருவதற்கும் கை பின்தங்குவதற்கும் காரணம் உண்டு. கால் செய்யும் வேலை ஓரளவு ஒரே மாதிரியானது. கையோ சட்டைப் பட்டன் போடுவதில் இருந்து ஸ்க்ரூ முடுக்குவது வரை நூறு வகை நுணுக்கமான வேலை செய்ய வேண்டும். இன்னொரு காரணமும் இருக்கிறது. ஒரு காலை விட்டுவிட்டு நடக்க முடியாது. ஆனால் ஒரு கையை விட்டுவிட்டுச் சாப்பிடலாம், போன் பேசலாம், குளிக்கலாம். நல்ல கையே எல்லாவற்றையும் செய்யப் பழகிவிட்டால், லேசாக அசையக்கூடிய நிலையில் இருக்கும் மற்றக் கையையும் மூளை மெல்ல மறந்துவிடும். இதைப் 'பழகிப்போன பயன்படுத்தாமை' என்கிறார்கள்.

மூளை மறுபடி கற்றுக்கொள்ளுமா?

கற்றுக்கொள்ளும். இறந்த செல்கள் திரும்பி வராது. ஆனால் பக்கத்தில் உயிரோடிருக்கும் செல்கள் புதிய இணைப்புகளை உருவாக்கி, இழந்த வேலையில் ஒரு பகுதியை ஏற்றுக்கொள்ள முடியும். மூளையின் இந்த வளைந்துகொடுக்கும் தன்மைதான் மொத்த மறுவாழ்வு சிகிச்சைக்கும் அடிப்படை.

இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஒன்று, நேரம். முன்னேற்றத்தின் பெரும்பகுதி முதல் 3 மாதங்களில் நடக்கிறது. அதன் பிறகும் முன்னேற்றம் உண்டு, வேகம்தான் குறையும். இரண்டாவது, எண்ணிக்கை. ஒரு அசைவைப் பத்துத் தடவை செய்தால் போதாது, நூற்றுக்கணக்கில் செய்ய வேண்டும். செய்யும்போது நோயாளியின் கவனமும் முயற்சியும் அதில் இருக்க வேண்டும்.

நடைமுறையில் எத்தனை தடவை நடக்கிறது? வட அமெரிக்காவில் பிசியோதெரபி அமர்வுகளை நேரில் கவனித்து எண்ணிப் பார்த்த ஆய்வு ஒன்று 2009இல் வெளியானது. கைக்கான பயனுள்ள அசைவுகள் ஓர் அமர்வில் சராசரியாக 32 மட்டுமே. விலங்குகளை வைத்து நடந்த ஆய்வுகளில் மூளையில் மாற்றம் தெரிய, ஒரு நாளைக்கு 400 முதல் 600 வரை தேவைப்பட்டது. வசதியான நாட்டு ஆஸ்பத்திரிகளிலேயே தேவைக்கும் நடப்பதற்கும் இவ்வளவு இடைவெளி.

தெரபிஸ்ட்டைக் குறை சொல்ல முடியாது. கனமான ஒரு கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான தடவை அசைக்க வைப்பது மனித உடம்புக்குச் சிரமம். வெளியே இன்னும் நாலு பேர் காத்திருப்பார்கள். ரோபோ நுழைந்தது இந்த இடைவெளியில்தான்.

எக்ஸோஸ்கெலிட்டன் என்றால் என்ன?

நண்டுக்கு எலும்பு வெளியே இருக்கும், ஓடுதான் அதன் கூடு. அதேபோல உடம்புக்கு வெளியே மாட்டும் கூடுதான் எக்ஸோஸ்கெலிட்டன். கைக்கான எந்திரத்தில் தோள், முழங்கை, மணிக்கட்டு மூட்டுகளுக்கு நேராக எந்திர மூட்டுகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் மோட்டார், எவ்வளவு கோணம் திரும்பியது என்று அளக்கும் சென்சார், எவ்வளவு விசை வருகிறது என்று பார்க்கும் சென்சார் ஆகியவை இருக்கும். ஸ்விட்சர்லாந்தின் சூரிச் நகரில் உருவான 'ஆர்மின்' என்ற ரோபோவும், அதன் வழியில் விற்பனைக்கு வந்த 'ஆர்மியோ பவர்' எந்திரமும் இந்த வகை.

எல்லாக் கை ரோபோக்களும் எக்ஸோஸ்கெலிட்டன் அல்ல. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் உருவாகி, 1990களில் நோயாளிகளிடம் சோதிக்கப்பட்ட 'மேனஸ்' ரோபோவில் மேஜை மேல் ஒரு கைப்பிடி மட்டும் இருக்கும். நோயாளி அதைப் பிடித்துக்கொள்வார், எந்திரம் அதை நகர்த்த உதவும். மூட்டு ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கட்டுப்படுத்த இதில் முடியாது. ஆனால் அமைப்பு எளிது, மாட்டுவதும் சுலபம். மோட்டாரே இல்லாமல் ஸ்பிரிங்கால் கையின் எடையைத் தாங்கும் வகையும் உண்டு. எடை குறைந்தாலே, பலவீனமான கை தானாக நகரத் தொடங்கும்.

எக்ஸோஸ்கெலிட்டனில் கவனிக்க வேண்டிய விஷயம், மூட்டோடு மூட்டு சரியாகப் பொருந்துவது. எந்திரத்தின் சுழல்மையமும் நோயாளியின் தோள்மூட்டும் விலகியிருந்தால், ஒவ்வொரு அசைவிலும் தோள் இழுபடும். பக்கவாதத்துக்குப் பிறகு தோள்மூட்டு ஏற்கெனவே தளர்ந்திருக்கும் என்பதால் வலி வரும். பயிற்சி பெற்றவர் அளவு பார்த்துத்தான் மாட்ட வேண்டும்.

ரோபோ கையை அசைத்தால் போதுமா?

போதாது. இந்தச் சிகிச்சையில் பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான்.

எந்திரம் பாட்டுக்குக் கையைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தால் மூட்டு இறுகாமல் இருக்கும். ஆனால் மூளைக்குப் பெரிதாக வேலை இல்லை. உதவி கிடைக்கிறது என்று தெரிந்தால் நம் உடம்பே முயற்சியைக் குறைத்துக்கொள்ளும்.

அதனால் நல்ல ரோபோக்கள் 'தேவைப்படும் அளவுக்கு மட்டும் உதவி' என்ற முறையில் இயங்குகின்றன. குழந்தைக்கு சைக்கிள் கற்றுக்கொடுப்பவர் சீட்டைப் பிடித்துக்கொண்டே ஓடுவார். பேலன்ஸ் வந்தால் பிடியைத் தளர்த்துவார், சாயும்போது பிடிப்பார். எந்திரமும் அப்படித்தான். நோயாளி முதலில் முயற்சி செய்வார். எங்கே நின்றுபோகிறாரோ, அங்கிருந்து மீதித் தூரத்துக்கு மோட்டார் உதவும். நாளாக நாளாக உதவி குறைய வேண்டும். குறைகிறதா என்பதைச் சென்சார் கணக்கு காட்டிக்கொடுக்கும்.

திரையில் ஓடும் கேமும் வெறும் அலங்காரம் அல்ல. ஒரே அசைவை 300 தடவை செய்வது யாருக்கும் சலிப்புத் தட்டும். கவனம் சிதறாமல் வைத்திருக்கத்தான் அந்த கேம்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

முதலில் நல்ல செய்தி. 45 ஆய்வுகளில் 1,619 பேரின் முடிவுகளைத் தொகுத்துப் பார்த்த 'காக்ரேன்' மதிப்பாய்வு 2018இல் வெளியானது. எந்திர உதவியோடு பயிற்சி செய்தவர்களுக்குக் கையின் செயல்பாடும், தசை வலிமையும், அன்றாட வேலை செய்யும் திறனும் மேம்பட்டதாக அது சொன்னது.

இனி மறுபக்கம். 2010இல் அமெரிக்காவில், பக்கவாதம் வந்து குறைந்தது 6 மாதம் ஆன முன்னாள் ராணுவத்தினர் 127 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. ரோபோ குழுவினர் ஓர் அமர்வில் சுமார் 1,000 அசைவுகள் செய்தனர். இன்னொரு குழுவுக்கு அதே தீவிரத்தில் தெரபிஸ்ட்டே பயிற்சி கொடுத்தார். 36 வாரம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்றவர்களைவிட ரோபோ குழு சற்று முன்னேறியிருந்தது. ஆனால் தெரபிஸ்ட் குழுவுக்கும் ரோபோ குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

2019இல் 'லான்செட்' இதழில் வந்த பிரிட்டன் ஆய்வு இன்னும் பெரியது, 770 பேர். வாரத்துக்கு 3 நாள், நாளுக்கு 45 நிமிடம், 12 வாரம் பயிற்சி. 3 மாத முடிவில் கையின் செயல்பாட்டில் எதிர்பார்த்த அளவு முன்னேறியவர்கள் ரோபோ குழுவில் 44%, தெரபிஸ்ட் கூடுதல் பயிற்சி கொடுத்த குழுவில் 50%, வழக்கமான கவனிப்பு பெற்றவர்களில் 42%. செலவுக்கேற்ற பலன் ரோபோவில் இல்லை என்று ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தனர்.

இந்த முடிவுகள் ஏன் முரண்படுகின்றன? எதை அளக்கிறோம் என்பது ஒரு காரணம். கை எவ்வளவு தூரம் நீள்கிறது, எவ்வளவு பலம் வந்திருக்கிறது என்று அளந்தால் முன்னேற்றம் தெரியும். டம்ளரைப் பிடித்துத் தண்ணீர் குடிக்க முடிகிறதா, பட்டன் போட முடிகிறதா என்று கேட்டால் அந்த முன்னேற்றம் சுருங்கிவிடும். திரையில் பந்தைத் துரத்தப் பழகிய கை, சோறு பிசையத் தானாகக் கற்றுக்கொள்வதில்லை. அதைத் தனியாகப் பழக்க வேண்டும்.

ஆக, ரோபோவில் மந்திரம் ஒன்றும் இல்லை. அது தருவது எண்ணிக்கை. அதே எண்ணிக்கையை மனிதர் தர முடிந்தால் பலனும் ஏறக்குறைய அதேதான். மனிதர் கிடைக்காத இடத்தில்தான் எந்திரத்துக்கு உண்மையான தேவை இருக்கிறது.

இந்தியாவில் என்ன நடக்கிறது?

இறக்குமதி எந்திரங்களை வாங்க பெரிய மருத்துவமனைகளால்தான் முடியும். இந்த நிலையை மாற்றும் முயற்சியில் தமிழ்நாட்டுக்கு முக்கியப் பங்கு இருக்கிறது.

வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியும் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து 'புளூட்டோ' என்ற கைப் பயிற்சி ரோபோவை உருவாக்கின. இது உடம்பில் மாட்டும் எக்ஸோஸ்கெலிட்டன் அல்ல, மேஜை மேல் வைக்கும் சிறிய பெட்டி. உள்ளே ஒரே ஒரு மோட்டார். மணிக்கட்டை மடக்கி நீட்ட ஒரு கைப்பிடி, முன்கையைத் திருப்ப இன்னொன்று, விரல்களை மூடித் திறக்க வேறொன்று என்று முன்பகுதியை மட்டும் கழற்றி மாட்டிக்கொள்ளலாம். மூட்டுக்கு ஒரு மோட்டார் என்று வைத்தால் விலை ஏறும். ஒரே மோட்டாரை எல்லாவற்றுக்கும் பயன்படுத்தினால் விலையும் எடையும் குறையும், வீட்டுக்கும் கொண்டுபோகலாம். 2025இல் இது பொதுப் பயன்பாட்டுக்கு அறிமுகமானது. 'த்ரைவ் ரிஹாப் சொல்யூஷன்ஸ்' நிறுவனம் இதற்கான உரிமத்தைப் பெற்றுள்ளது.

டெல்லி ஐ.ஐ.டி.யும் எய்ம்ஸ் மருத்துவமனையும் சேர்ந்து மணிக்கட்டுக்கும் விரல்களுக்குமான எக்ஸோஸ்கெலிட்டன் ஒன்றைச் சோதித்துள்ளன. நோயாளி விரலைத் திறக்க முயலும்போது முன்கைத் தசையில் எழும் சிறு மின்சிக்னலை அது இ.எம்.ஜி. சென்சாரால் பிடிக்கும். சிக்னல் வந்தால்தான் எந்திரம் அசையும். முயற்சி இல்லையென்றால் உதவியும் இல்லை. இதன் முடிவுகள் 2021இல் வெளியாயின. பலன் தெரிந்தது, ஆனால் பங்கேற்றவர்களின் எண்ணிக்கை மிகக் குறைவு.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் 2023இல் அறிவித்த கையுறை வேறு வகை. விரல் அசைவை ஒளியின் உதவியால் அளந்து, தொலைவில் இருக்கும் பிசியோதெரபிஸ்ட் பார்க்கும்படி அனுப்புவது அதன் நோக்கம்.

மத்திகிரியில் இருப்பவருக்கு எது எட்டும்?

பெங்களூரு நிமான்ஸ் மருத்துவமனை ஓசூர் ரோட்டிலேயே இருக்கிறது. மத்திகிரியில் இருந்து ஏறத்தாழ 40 கி.மீ. நரம்பியல் மறுவாழ்வுக்குத் தனித் துறையும் அங்கே உண்டு. வேலூர் சி.எம்.சி. 150 கி.மீ.க்கும் மேல். மேப்பில் பார்த்தால் பக்கம்தான். ஆனால் மறுவாழ்வு சிகிச்சை ஒருநாள் போய் வருவதல்ல. வாரத்துக்கு 3 முதல் 5 நாள், பல வாரம் போக வேண்டும். அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி, எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு டிராபிக்கில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினால் ஒரு நாள் போச்சு. கூடப் போகும் மனைவியோ மகனோ அன்றைய சம்பளத்தை இழப்பார். பத்து நாள் போய்விட்டு நிறுத்திக்கொள்ளும் ஆபத்து இதனால்தான் அதிகம்.

இந்த மாவட்டத்துக்கு ஒரு சாதகமும் உண்டு. தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை முதல்வர் மு.க.ஸ்டாலின் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிவைத்தது இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளி கிராமத்தில்தான். ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு தருவதோடு, வீட்டிலேயே பிசியோதெரபி கொடுப்பதும் அந்தத் திட்டத்தின் பகுதி. பக்கவாத நோயாளி இருக்கும் வீட்டார் அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்து கேட்கலாம்.

'பிசியோ வேண்டாம், வீட்டு ஆளுங்களே பார்த்துக்கலாம்' என்ற யோசனையையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளிடம் நடந்த 'அட்டெண்ட்' ஆய்வு 2017இல் வெளியானது. குடும்பத்தில் ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து, அவரையே வீட்டில் சிகிச்சை செய்யச் சொன்னார்கள். 6 மாதம் கழித்து, இறந்தவர்களும் பிறரைச் சார்ந்து இருப்பவர்களும் சேர்த்து இரு தரப்பிலும் 47%. வித்தியாசமே இல்லை. குடும்பத்தின் பாசம் குறைந்ததால் அல்ல. மொத்தப் பாரத்தையும் குடும்பத்தின் தலையில் வைப்பது மட்டும் தீர்வாகாது என்பதுதான் இதில் இருந்து தெரிவது.

பயிற்சி பெற்றவர் ஒருவர் வந்து பார்த்து, திட்டம் போட்டுத் தர வேண்டும். மீதி நாட்களில் அந்த எண்ணிக்கை நடக்கிறதா என்று பார்க்க ஒரு ஆளோ, எளிய எந்திரமோ வேண்டும். ஒற்றை மோட்டார் பெட்டி மாதிரியான கருவி தாலுகா ஆஸ்பத்திரியின் பிசியோ அறைக்கு வந்தால், சில்க் போர்டு வரை போகத் தேவையிருக்காது.

வேலை, சம்பளம் என்ன ஆகும்?

தொழிற்சாலைப் பகுதியில் பலர் தவறவிடும் விஷயம் இது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ள தொழிலாளர்கள் இ.எஸ்.ஐ.யில் வருவார்கள். தகுதியுள்ளவர்களுக்கு நோய்க்கால உதவித்தொகையாகச் சம்பளத்தில் 70%, ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். நிறையப் பேர் அதோடு முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

முடியவில்லை. நீண்டகால நோய்கள் 34க்கு 'நீட்டிக்கப்பட்ட நோய்க்கால உதவி' என்று தனியாக ஒன்று இருக்கிறது. ஒருபக்கம் செயலிழக்கும் பக்கவாதமும் அந்தப் பட்டியலில் உண்டு. அதில் சம்பளத்தில் 80%, இரண்டு ஆண்டுகள் வரை கிடைக்க வாய்ப்புண்டு. இதற்கு இரண்டு ஆண்டு தொடர்ச்சியாக வேலையில் இருந்திருக்க வேண்டும், அந்தக் காலத்தில் குறைந்தது 156 நாளுக்குப் பங்களிப்பு செலுத்தியிருக்க வேண்டும். கான்ட்ராக்ட் தொழிலாளியாக இருந்தாலும் பி.எஃப்.போல இ.எஸ்.ஐ.யும் பிடித்தம் செய்யப்பட்டிருக்கிறதா என்று சம்பளச் சீட்டில் பார்க்க வேண்டும். கை மீள மாதக்கணக்கில் ஆகும் என்பதால், இந்தப் பணம்தான் சிகிச்சையை நடுவில் நிறுத்தாமல் வைத்திருக்கும்.

ரோபோ சிகிச்சைக்குப் பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

1. ஓர் அமர்வில் என் கை எத்தனை தடவை அசையும்? தெரபிஸ்ட் மட்டும் செய்தால் எத்தனை தடவை?

2. எந்திரம் முழுவதும் தூக்குமா, நான் முயன்ற பிறகு உதவுமா? உதவி குறைந்து வருவதை வாராவாரம் காட்டுவீர்களா?

3. ரோபோ பயிற்சிக்குப் பிறகு டம்ளர் பிடிப்பது, பட்டன் போடுவது மாதிரி நிஜ வேலைப் பயிற்சியும் உண்டா?

4. மாட்டும்போது யார் கூட இருப்பார்? தோள் வலித்தால் என்ன செய்வீர்கள்?

5. எத்தனை வாரத்தில் என்ன மாற்றம் எதிர்பார்க்கலாம்? அது வராவிட்டால் நிறுத்தச் சொல்வீர்களா?

'நூறு சதவீதம் குணமாகும்' என்று யாராவது உறுதி சொன்னால், அங்கே பணம் கட்ட யோசிக்க வேண்டும்.

எந்திரம் இல்லாத வீட்டில் என்ன செய்யலாம்?

பலவீனமான கையைப் பிடித்து இழுத்து எழுப்பவோ, அக்குளில் கைகொடுத்துத் தூக்கவோ கூடாது. தோள்மூட்டு விலகிவிடும். உட்காரும்போதும் படுக்கும்போதும் கைக்குத் தலையணை கொடுக்க வேண்டும்.

லேசான அசைவு இருந்தால், மேஜை மேல் துண்டை விரித்து அதன் மேல் கையை வைத்து முன்னும் பின்னும் தள்ளலாம். மேஜையே எடையைத் தாங்கிக்கொள்ளும். எக்ஸோஸ்கெலிட்டனில் ஸ்பிரிங் செய்யும் வேலையும் அதுதான். எத்தனை தடவை என்பதை காலண்டரில் குறித்துவைக்கலாம். மணிக்கட்டையும் விரலையும் ஓரளவு நீட்ட முடிகிறவர்களுக்கு, நல்ல கையைக் கட்டிவைத்து மற்றக் கையை வேலை வாங்கும் சிகிச்சை முறையும் இருக்கிறது. 2006இல் வெளியான 222 பேர் பங்கேற்ற அமெரிக்க ஆய்வில் அது நல்ல பலன் தந்தது. எந்திரம் தேவையில்லை, ஆனால் தெரபிஸ்ட்டின் மேற்பார்வை தேவை.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. முகம் கோணினால், ஒரு கை தளர்ந்தால், பேச்சு குழறினால் உடனே 108க்கு அழைக்க வேண்டும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள்தான் கொடுக்க முடியும். அந்த நேரத்துக்குள் காப்பாற்றிய மூளைக்கு ஈடாக எந்த ரோபோவாலும் பின்னால் எதையும் தர முடியாது.